நிறுத்தி வைத்த காரும் காப்பீட்டின் கணக்கும்

ஓடும் காருக்கு நேரும் விபத்தைப் பற்றி எழுதாத செய்தித்தாள் இல்லை. நிற்கும் காருக்கு நேரும் சேதத்தைப் பற்றிப் பேசுவோரோ மிகக் குறைவு. ஆயினும் வீட்டு வாசலிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் தூண்களுக்கிடையிலும், அலுவலகத்தின் எதிரே சாலையோரத்திலும், கல்யாண மண்டபத்தின் பின்புறத்திலும் நாளின் பெரும்பகுதியை நின்றே கழிப்பதுதான் சொந்தக் காரின் இயல்பு. அவ்வாறு நிற்கும்போது மரம் விழுந்தால், வெள்ளம் புகுந்தால், முகம் தெரியாத ஒருவர் இடித்துவிட்டு நழுவினால், பணம் கொடுப்பது யார் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

ஏஜென்டும் கார் விற்பவரும் அன்றாடம் சொல்லும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். முழுமை என்று பொருள்படும் அந்தச் சொல் எந்தப் பாலிசியிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. பாலிசியில் இருப்பவை இரண்டு பகுதிகள். ஒன்று, தன் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் ஈடு தரும் 'தேர்ட் பார்ட்டி' எனும் மூன்றாம் நபர் காப்பு. மற்றொன்று, தன் வண்டிக்கே நேரும் இழப்பை ஈடுசெய்யும் 'ஓன் டேமேஜ்' எனும் சொந்தச் சேதக் காப்பு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முதலாவதை மட்டுமே. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற அந்தக் கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, இன்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவாக நிலைபெற்றிருக்கிறது. சாலையில் செல்லும் பிறரைக் காப்பதே அதன் நோக்கமாதலால், வாசலில் நின்ற காரின் மீது தென்னை மட்டை விழுந்து கண்ணாடி சிதறினால், தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே வழங்கப்படுகிறது; சொந்தச் சேதக் காப்போ பெரும்பாலும் 1 ஆண்டுக்கே வாங்கப்படுகிறது. முதலாண்டு முடிந்ததும் அதை மட்டும் தனியே புதுப்பிக்கும் வசதி 2019 செப்டம்பர் முதல் இருக்கிறது என்றாலும், "இன்சூரன்ஸ்தான் மூன்று வருடத்துக்குப் போட்டிருக்கிறதே" என்ற நிம்மதியில் அதை மறப்போர் ஏராளம். போக்குவரத்துக் காவலர் கேட்டால் காட்டுவதற்குச் செல்லத்தக்க காகிதம் கையில் இருக்கும்; ஆனால் நிற்கும் காருக்குப் பாதுகாப்பு இராது. இரண்டாம் ஆண்டில் காகிதம் உயிரோடிருக்கக் காப்பு இறந்துபோயிருக்கும் இந்த நிலையை, சேதம் நேர்ந்த பிறகுதான் பெரும்பாலோர் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, சொந்தச் சேதக் காப்பு உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது எதற்கெல்லாம் பணம் தரும்? கார் எங்கே நின்றது என்று பாலிசி முதலில் கேட்பதில்லை. ஓடிற்றா நின்றதா என்றும் கேட்பதில்லை. சேதத்துக்குக் காரணம் எது என்றே அது கேட்கிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த பாலிசி வாசகத்தில் அந்தக் காரணங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன: தீ, வெடிப்பு, தானே பற்றிக்கொள்ளுதல், மின்னல், கன்னமிடுதலும் திருட்டும், கலவரமும் வேலைநிறுத்தமும், நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி, புயல், ஆலங்கட்டி மழை, தீய நோக்குடன் பிறர் செய்யும் செயல், பயங்கரவாதச் செயல், நிலச்சரிவும் பாறைச்சரிவும், இவற்றோடு 'தற்செயலான புறக்காரணம்' என்ற அகன்ற சொற்றொடர். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தை நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ளும் உரிமை 2007 ஜனவரி 1 முதல் வந்த பின்னும், இந்த வாசகம் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது.

தற்செயலான புறக்காரணம் என்றால் என்ன? எதிர்பாராமல், வண்டிக்கு வெளியிலிருந்து வந்து தாக்குவது எதுவும் அதில் அடங்கும். பக்கத்து வீட்டுச் சுவர் சரிவதும், தெருவில் ஆடும் பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து கதவை நசுக்குவதும், மாடு முட்டிப் பக்கக் கண்ணாடி ஒடிவதும் அதற்குள் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, நிழலுக்காக அவற்றின் கீழ் நிறுத்தப்பட்டிருந்த கார்களும் நசுங்கின. அங்கே காரணம் புயல். காற்றே இல்லாத நாளில் அதே மரம் வேரற்றுச் சாய்ந்தால் காரணம் புறவிபத்து. இரண்டுக்கும் பணம் உண்டு. ஆனால் அதே காரின் அடித்தகடு ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்றில் நின்று துருவேறினால் பணம் இல்லை. வெயிலில் நின்று பெயிண்ட் வெளுத்தாலும் இல்லை. பேட்டரி தானே செத்தாலும் இல்லை. தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின்கோளாறு ஆகியவற்றைப் பாலிசி வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. ஒரே நாளில் வந்த கேடு காப்புக்குள் அடங்கும், நாள்பட வந்த கேடு அடங்காது என்று இதை ஏறத்தாழப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, நிற்கும் காருக்கு மிக அதிகமாக நேரும் துன்பத்துக்கு வருவோம். காலையில் வந்து பார்த்தால் பின்பக்க பம்பர் உடைந்து தொங்குகிறது. இடித்தவர் யார் என்று தெரியவில்லை. கண்காணிப்புக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. குற்றவாளி கிடைக்காவிட்டால் காப்பீடும் கிடைக்காதா? கிடைக்கும். சொந்தச் சேதக் காப்பின் சிறப்பே யார் தவறு என்ற கேள்வியை அது எழுப்பாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இடித்தவர் தெரிந்தவராக இருந்தால், அவருடைய தேர்ட் பார்ட்டிக் காப்பின் மீது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோரும் வழியும் திறந்திருக்கிறது. சொந்தக் காரைப் பொறுத்தவரை பிறர் சொத்துச் சேதத்துக்கான அந்தக் காப்பின் வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். ஆனால் ஒரு பம்பருக்காகத் தீர்ப்பாயத்தின் படியேறுவோர் அரிது.

பம்பர் உடைந்தவுடன் கிளெய்ம் போடுவது அறிவுடைமையா? இதற்குப் பாலிசி பதில் சொல்லாது. கூட்டல் கழித்தல்தான் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டை மெதுவாகக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். புதிய பம்பரின் விலை 6,000 ரூபாய், பெயிண்டிங் 4,000, கழற்றி மாட்டும் கூலி 1,000, ஆக மொத்தம் 11,000 ரூபாய் என்று கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும் என்பது விதி. எனவே பம்பருக்கு 3,000 ரூபாய்தான் கிடைக்கும். பெயிண்டிங் கட்டணம் பிரிக்கப்படாமல் மொத்தமாக எழுதப்பட்டிருந்தால், அதில் கால்பங்கைப் பொருளின் விலை என்று கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள்; ஆகவே 4,000இல் 500 போய் 3,500 நிற்கும். கூலி முழுதாக வரும். இப்போது கணக்கு 7,500. கடைசியாக, ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு என்று 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கழியும். சிறிய காராக இருந்தால் கையில் வருவது 6,500 ரூபாய்.

இனி இழப்பின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கிளெய்ம் இல்லாமல் கழித்த ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடிக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்று பெயர். அது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஐந்து படிகளாக ஏறும். மேற்படியில் நிற்பவர் ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் தரைக்கு வந்துவிடுவார். அவருடைய பிரீமியம் போனஸ் இன்றி 10,000 ரூபாய் என்றும், அது ஆண்டுதோறும் மாறாது என்றும் கொண்டால், வழக்கமாக 5,000 கட்டியவர் மறு ஆண்டு 10,000 கட்டுவார். அதற்கடுத்த ஆண்டுகளில் 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டிய பின்னரே பழைய படியை அடைவார். கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 12,500 ரூபாய். 6,500 ரூபாய் வாங்குவதற்காக 12,500 ரூபாய் கொடுப்பதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு நடப்பது இதுதான். சிறு நசுங்கலைப் பக்கத்துத் தெரு டிங்கரிடம் தட்டிச் சரிசெய்துவிட்டு, காப்பீட்டைப் பெரிய அடிக்கு வைத்துக்கொள்வதே பல வேளைகளில் லாபம். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் காப்பை, பேச்சு வழக்கில் 'பம்பர் டு பம்பர்' எனப்படுவதை, வாங்கியிருந்தால் வரவு சற்றுக் கூடும். போனஸ் இழப்பு மட்டும் குறையாது. அதைக் காக்கத் தனிக் காப்பு ஒன்று விற்கப்படுகிறது.

இவ்வளவும் முன்னுரை என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரியது அடுத்து வரும் பொருள். அது வெள்ளம். 2015 டிசம்பரின் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைக் குடியிருப்பு ஒன்றில் நின்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியையும் சென்னையில் மறந்தவர் இரார். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்கள் வரிசையாக ஏறி நின்றதற்கு அந்த நினைவே காரணம். மேம்பாலத்தில் நிறுத்துவது போக்குவரத்து விதிக்கு உகந்ததா என்பது வேறு விவாதம். பாலிசியின் விலக்குப் பட்டியலில் 'நோ பார்க்கிங்' என்றொரு வரி இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

வெள்ளம் பாலிசியின் காரணப் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருக்க, வெள்ளத்தில் நின்ற கார்களின் கிளெய்ம்கள் மறுக்கப்பட்டது எப்படி? விடை என்ஜினுக்குள் இருக்கிறது. சிலிண்டருக்குள் மேலேறும் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, காற்று அழுங்கும். காற்று வடிகட்டி வழியாக நீர் உள்ளே நுழைந்திருந்தால், பிஸ்டன் நீரை அழுத்த முயல்கிறது, நீர் அழுங்காது. அழுங்காத நீர் தடுத்த பிஸ்டனுக்கும் நிற்காமல் சுழலும் கிராங்க் தண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொள்வது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. அது வளைகிறது, சில வேளை முறிந்து என்ஜின் பிளாக்கையே துளைக்கிறது. இதற்கு 'ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்' என்று பெயர். ஆனால் இது எப்போது நிகழ்கிறது? வெள்ளம் வந்தபோதா? கார் அணைந்து நின்றபோது நீர் வந்தது, நீர் வடிந்தது, அதுவரை ராடு வளையவில்லை. மறுநாள் காலை உரிமையாளர் கதவைத் திறந்து, நனைந்த இருக்கையில் பழைய துண்டு ஒன்றை விரித்து உட்கார்ந்து, "ஒரு தடவை பார்ப்போமே" என்று செல்ஃப் அடித்தாரே, அந்த நொடியில் வளைந்தது.

வெள்ளம் நேரடியாகக் கெடுத்தவற்றுக்கு, அதாவது நனைந்த இருக்கை, விரிப்பு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, என்ஜினைப் பிரித்துக் கழுவும் செலவு ஆகியவற்றுக்கு, அடிப்படைப் பாலிசியே இடம் தருகிறது. செல்ஃப் அடித்ததால் நேர்ந்ததை நிறுவனம் 'பின்விளைவுச் சேதம்' என்று வகைப்படுத்துகிறது. முதற்காரணத்தால் அன்றி, அதன் பிறகு செய்த செயலால் விளைந்த சேதம் என்பது அதன் பொருள். பின்விளைவுச் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. போதாக்குறைக்கு, வண்டியைக் காக்க உரிமையாளர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும், பழுது நீக்குமுன் ஓட்டினால் கூடும் சேதம் அவர் தலையிலேயே விழும் என்றும் பாலிசியின் நிபந்தனை ஒன்று கூறுகிறது. நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து உட்புறத்தில் படிந்த நீர்க்கோட்டின் உயரத்தைப் பார்ப்பார். காற்று வடிகட்டியை எடுத்துப் பிழிவார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, ஆயில் பால்கலந்தது போல் வெளுத்திருக்கிறதா என்று கவனிப்பார். ராடு வளைந்திருந்தால் செல்ஃப் அடிக்கப்பட்டது என்று அவர் அறிந்துகொள்ளக் கேள்வி எதுவும் தேவைப்படாது.

ஆகவே நீர் புகுந்த காரில் சாவியைத் தொடக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நீர்க்கோடு தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, மீட்பு வண்டியில் ஏற்றியே ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும். மின்சாரக் கார் அல்லது ஹைபிரிட் காரானால் பேட்டரிப் பக்கமே போகாமல் கார் நிறுவனத்தின் மெக்கானிக்குக்காகக் காத்திருப்பது நல்லது. 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்குக்கும் பணம் தரும். கடலோர மாவட்டத்தில், தாழ்ந்த தரைத்தளத்தில் கார் நிறுத்துவோருக்கு இதைவிட முதன்மையான கூடுதல் காப்பு வேறொன்றும் இல்லை என்பது இவ்வுரையின் உறுதியான கருத்து. பழுதுச் செலவு, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால், கார் முழு இழப்பாகக் கொள்ளப்பட்டு அந்த மதிப்பே கணக்குக்கு வரும். புதிய காராக இருந்தாலும் அந்த மதிப்பு வாங்கிய விலை அன்று. ஓராண்டு முடிந்த காருக்கு ஷோரூம் விலையில் 20 விழுக்காடும், மூன்றாண்டு முடிந்ததற்கு 40 விழுக்காடும் கழிந்திருக்கும்.

நிறுத்திய இடத்திலிருந்து காரே காணாமற்போனால்? திருட்டும் காரணப் பட்டியலில் இருக்கிறது. ஆயினும் இரண்டு சாவிகளும் எங்கே என்ற கேள்வி உடனே எழும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் வண்டியைக் காக்க முயற்சி எடுத்தார் என்று வாதிடுவது கடினம். காவல் நிலையத்துக்கு உடனே செல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையும், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல்துறை பின்னர் தரும் சான்றும் இன்றித் திருட்டுக் கிளெய்ம் முடியாது. நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை மறுத்துவந்த வழக்கத்துக்கு, குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது: காவல்துறையிடம் உடனே புகார் தரப்பட்டிருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதில் நேர்ந்த தாமதம் மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது.

சாவியைப் பிறர் கையில் கொடுத்தால் என்னாகும்? 1998 ஆகஸ்ட் 1 அன்று இரவு டெல்லியின் தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர், தம் மாருதி சென் காரைச் சாவியோடு வேலெட் ஊழியரிடம் ஒப்படைத்தார். பின்னிரவில் வெளியே வந்தபோது கார் இல்லை. வேறொருவர் அதை ஓட்டிச் சென்றிருந்தார். காப்பீட்டு நிறுவனம் 2.8 லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, உரிமையாளருக்கு ஓட்டலின் மீது இருந்த உரிமையைத் தான் ஏற்று வழக்காடியது. பணம் கொடுத்தவர், பெற்றவரின் இடத்தில் நின்று தவறு செய்தவரிடம் வசூலிக்கும் இந்த உரிமைக்கு 'சப்ரொகேஷன்' என்று பெயர். நிறுத்தச் சீட்டில் உரிமையாளரின் பொறுப்பிலேயே கார் நிற்கிறது என்று அச்சிட்டிருந்ததை ஓட்டல் எடுத்துக்காட்டியது. கார் கைமாறிய நொடியிலேயே அதைக் கவனமாகத் திருப்பித் தரும் கடமையும் கைமாறிவிட்டது என்றும், கவனக்குறைவு இல்லை என்று காட்டாதவரை அச்சிட்ட வரி காப்பாற்றாது என்றும் 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு காரின் கணக்கு முடிய 21 ஆண்டுகள் ஆயின. ஆனால் உரிமையாளரின் காப்பீட்டுப் பணம் அதுவரை காத்திருக்கவில்லை.

எலியைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை முழுமை பெறாது. சில நாட்கள் அசையாமல் நிற்கும் காரின் என்ஜின் அறை எலிக்கு வெதுவெதுப்பான குடியிருப்பு. ஒயரின் உறை அதற்குப் பல் தீட்டும் பொருள். எலி கடித்ததைப் புறக்காரணம் என்று ஏற்கும் நிறுவனமும் உண்டு, கூடுதல் காப்பு இருந்தால்தான் என்று சொல்லும் நிறுவனமும் உண்டு. வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்வதே வழி. காருக்குள் வைத்த மடிக்கணினியும் பணப்பையும் கண்ணாடியை உடைத்து எடுக்கப்பட்டால், கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்காமலே பணம் வரும்; உள்ளே இருந்த பொருள்களுக்கு அடிப்படைப் பாலிசியில் வராது.

சேதம் எதுவானாலும் சர்வேயர் பார்ப்பதற்குமுன் பழுது பார்க்கத் தொடங்கக் கூடாது. திருட்டும், வேண்டுமென்றே செய்த சேதமும், பிறர் இடித்ததும் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டியவை. முதல் தகவல் அறிக்கை அளவுக்குப் போகாத சிறு சேதமானாலும் தமிழ்நாட்டில் புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னர் கைகொடுக்கும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அங்கும் தீராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவருடைய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. என்ஜின் காப்பையும் பிற கூடுதல் காப்புகளையும் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் பொதுவாகச் சேர்க்க முடியும்; வானிலை எச்சரிக்கை வந்த பிறகு தனியாக வாங்க முடியாது. எனவே அவையோர் இன்று வீடு திரும்பியதும் பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும்: தேர்ட் பார்ட்டி முடியும் தேதி ஒன்று, ஓன் டேமேஜ் முடியும் தேதி மற்றொன்று.